சர்வருக்குள் ஒரு சட்டம்

வங்கிக் கணக்கில் இருப்பு எவ்வளவு என்று பார்ப்பதற்கோ, ரயிலில் இடம் கிடைக்குமா என்று அறிவதற்கோ நாம் கைப்பேசியைத் தொடும்போதெல்லாம், எங்கோ ஒரு நகரத்தில், குளிரூட்டப்பட்ட கூடமொன்றில் இரவும் பகலும் ஓயாமல் இயங்கிக்கொண்டிருக்கும் ஒரு கணினி நம் வேண்டுகோளைப் பெற்று, அதற்குரிய பதிலை அனுப்பி வைக்கிறது. சர்வர் என்று நாம் அழைக்கும் அந்தக் கணினிக்குள் இருக்கும் நிரல்களின் நிலைமை விசித்திரமானது. அவை உலகத்தில் உள்ள எவர் அழைத்தாலும் செவி சாய்த்தே தீர வேண்டும். அழைப்பவர் நல்லவரா, வஞ்சகரா என்று முகம் பார்த்து அறியும் சக்தி அவற்றுக்குக் கிடையாது. அப்படிப்பட்ட நிரல் ஒன்றில் எழுதியவர் கவனிக்காத ஒரு பிழை இருந்து, அந்தப் பிழையின் வழியாக அது என்றேனும் ஒருநாள் அந்நியர் வசப்பட்டுவிட்டால் என்ன ஆகும் என்ற கேள்வி, கணினிப் பாதுகாப்பைப் பற்றிச் சிந்தித்த அறிஞர்களை அரை நூற்றாண்டுக்கும் மேலாக ஆட்கொண்டிருக்கிறது. அந்தச் சிந்தனையிலிருந்து பிறந்த விடைகளுள் மிகச் சிறந்தது கட்டாய அணுகல் கட்டுப்பாடு என்னும் முறை.

இதன் அவசியத்தை உலகம் முதன்முதலாகக் கண்கூடாகக் கண்டது 1988-ஆம் ஆண்டில் என்று சொல்லலாம். அவ்வாண்டு நவம்பர் 2-ஆம் தேதி, அமெரிக்காவில் கார்னெல் பல்கலைக்கழக மாணவராக இருந்த ராபர்ட் மாரிஸ் என்பவர் எழுதிய ஒரு நிரல் இணையத்தில் விடப்பட்டு, ஒரு கணினியிலிருந்து மற்றொன்றுக்குத் தானே தாவிப் பரவத் தொடங்கியது. அன்றைய இணையத்தில் இருந்த சுமார் 60,000 கணினிகளில் 6,000 வரை அதனால் ஸ்தம்பித்திருக்கலாம் என்று மதிப்பிட்டார்கள். அது புகுந்த வழிகளுள் ஒன்று ‘ஃபிங்கர்’ என்னும் எளிய சேவை. ஒரு கணினியில் இப்போது யார் யார் வேலை செய்துகொண்டிருக்கிறார்கள் என்று கேட்டால் அவர்களுடைய பெயர்களைச் சொல்வது ஒன்றே அதன் கடமை. கேள்வியைப் பெற்றுக்கொள்ள அது 512 பைட் இடம் ஒதுக்கியிருந்தது. வருகிற எழுத்துக்கள் அந்த அளவுக்குள் அடங்குகின்றனவா என்று பார்ப்பதில்லை. புகுந்த நிரலோ 536 பைட்டுகளை அனுப்பி, மிஞ்சிய எழுத்துக்களைக் கொண்டு அச்சேவையின் போக்கையே திருப்பி, கணினிக்கு நேரடியாக ஆணையிடும் ‘ஷெல்’லைத் திறக்கச் செய்துவிட்டது.

இந்நிகழ்ச்சியைப் பற்றிப் பேசியவர்களில் பலர், நிரல் எழுதியவர் அளவைச் சரிபார்க்கத் தவறியதையே பெரிய குற்றமாகச் சொன்னார்கள். அது குற்றந்தான். ஆயினும், பெயர்களைச் சொல்வதை அன்றி வேறு கடமை இல்லாத ஒரு சேவை ஷெல்லைத் திறக்க முற்பட்டபோது, அந்தக் கணினியை ஆளும் இயங்குதளம் அதை ஏன் தடுக்கவில்லை என்று கேட்டால்தான் விஷயத்தின் வேர் தெரியும். தடுக்க வேண்டும் என்று எழுதி வைப்பதற்கு அன்றைய இயங்குதளத்தில் இடமே இருக்கவில்லை.

1969-இல் பெல் ஆய்வுக்கூடத்தில் கென் தாம்ஸன், டென்னிஸ் ரிட்சி ஆகியோரால் உருவாக்கத் தொடங்கப்பட்ட யூனிக்ஸ் இயங்குதளமும், அதன் வழிவந்த லினக்ஸும், உரிமைகளைப் பங்கிடும் முறை மிகவும் எளிமையானது. ஒவ்வொரு கோப்புக்கும் ஓர் உரிமையாளர் உண்டு. தமது கோப்பைத் தாம் என்ன செய்யலாம், தம் குழுவினர் என்ன செய்யலாம், மற்றையோர் என்ன செய்யலாம் என்பதை அவரே தம் விருப்பப்படி தீர்மானிக்கிறார். ஒருவர் ஒரு நிரலை இயக்கினால், அவருக்கு உள்ள உரிமைகள் அனைத்தும், வேண்டியவையும் வேண்டாதவையும் சேர்த்து, அந்த நிரலுக்கு வந்துவிடுகின்றன. இவர்கள் எல்லோருக்கும் மேலாக ‘ரூட்’ என்ற ஒரு கணக்கு இருக்கிறது; அதற்கு முன்னால் எந்தத் தடையும் நிற்பதில்லை. முகம் அறிந்த பத்துப் பேர் ஒரே கணினியில் வேலை செய்த காலத்துக்கு இந்த முறை போதுமானதாக இருந்தது. ஆனால் 1,024-க்குக் கீழ்ப்பட்ட எண்ணுள்ள இணைய வாயில்களைத் திறக்கும் உரிமை ரூட்டுக்கே உரியது என்ற வழக்கத்தினால், உலகத்தார் அனைவரோடும் பேச வேண்டிய இணையச் சேவைகளும் அஞ்சல் சேவைகளும் ரூட்டின் அதிகாரத்தோடு பிறக்க நேர்ந்தது. அபாயம் எங்கே அதிகமோ அங்கேயே அதிகாரமும் அதிகமாகக் குவிந்தது என்பதே இதன் விளைவு.

பெரிய கோயில் ஒன்றின் நிர்வாகத்தை எண்ணிப் பார்த்தால் இதில் உள்ள குறை விளங்கும். மடைப்பள்ளியில் பிரசாதம் செய்பவர் எவ்வளவு பக்திமானாக இருந்தாலும் ஆபரண அறையின் சாவி அவர் கையில் ஒப்படைக்கப்படுவதில்லை. அவருடைய யோக்கியதையில் சந்தேகம் கொண்டு அப்படிச் செய்வதில்லை, அவருடைய வேலைக்கு அந்தச் சாவி தேவையில்லை என்பதனாலேயே கொடுப்பதில்லை. தர்மகர்த்தாவேயானாலும் மற்றவர்கள் உடனிருந்தாலன்றி அந்த அறையைத் தாமாகத் திறக்க முடியாதபடி ஏற்பாடு செய்து வைப்பதும் உண்டு. ஒவ்வொருவருக்கும் அவரவர் கைங்கரியத்துக்கு வேண்டிய அளவே உரிமை என்பதையும், அந்த அளவைத் தனி மனிதரின் விருப்பத்துக்கு விடாமல் பொது நியமம் நிர்ணயிக்கும் என்பதையும் கணினிக்குள் நிலைநாட்டுவதே கட்டாய அணுகல் கட்டுப்பாட்டின் சாரம்.

இந்தச் சிந்தனை முதலில் ராணுவத்தின் தேவையிலிருந்து எழுந்தது. 1972-இல் ஜேம்ஸ் ஆண்டர்ஸன் என்பவர் அமெரிக்க விமானப் படைக்காக எழுதிய அறிக்கையொன்றில், ஒரு நிரல் எந்தப் பொருளைத் தொட முற்பட்டாலும் அதை இடைமறித்து, அனுமதி உண்டா என்று பரிசீலிக்கும் ஒரு காவல் அமைப்பு கணினிக்குள் இருக்க வேண்டும் என்றும், அந்த அமைப்பு எவராலும் குலைக்கப்படாததாய், ஒருபோதும் தவிர்க்க முடியாததாய், சரியாக இயங்குகிறதா என்று முழுமையாகச் சோதித்துப் பார்க்கத்தக்க அளவு சிறியதாய் இருக்க வேண்டும் என்றும் வகுத்துரைத்தார். அடுத்த ஆண்டில் மைட்டர் நிறுவனத்தைச் சேர்ந்த டேவிட் பெல், லெனார்ட் லாபடூலா என்னும் இருவர் ரகசியங்களைக் காக்கும் முறையைக் கணித வடிவில் அமைத்தார்கள். தாழ்ந்த நிலையில் இருப்பவர் உயர்ந்த நிலை ரகசியத்தைப் படிக்கலாகாது; உயர்ந்த நிலையில் இருப்பவர் தாம் அறிந்ததைத் தாழ்ந்த நிலைக் கோப்பில் எழுதலாகாது என்ற இரண்டு விதிகள் அதன் அஸ்திவாரம். 1975-இல் ஜெரோம் ஸால்ட்ஸர், மைக்கேல் ஷ்ரோடர் ஆகியோர், எந்த நிரலும் தன் வேலைக்கு இன்றியமையாத குறைந்தபட்ச உரிமைகளோடு மட்டுமே இயங்க வேண்டும் என்ற கோட்பாட்டை விளக்கி எழுதினார்கள். 1983-இல் அமெரிக்கப் பாதுகாப்புத் துறை வெளியிட்டு, அட்டையின் நிறத்தால் ‘ஆரஞ்சுப் புத்தகம்’ என்று பெயர் பெற்ற தர விதிகளில், உயர்ந்த படிகளை எட்டும் இயங்குதளங்களுக்குக் கட்டாயக் கட்டுப்பாடு ஒரு நிபந்தனையாகவே ஆக்கப்பட்டது.

ஆனால் ரகசியம், அதிரகசியம் என்று படிப்படியாக உயரும் ராணுவ வரிசை சாதாரண உலகத்துக்குப் பொருந்தவில்லை. அஞ்சல் சேவையும் இணையச் சேவையும் ஒன்றுக்கொன்று உயர்ந்தவையோ தாழ்ந்தவையோ அல்ல. அவற்றின் தொழில்கள் வேறு, அவ்வளவே. இந்த உண்மையை உணர்ந்த ஏர்ல் போபர்ட், ரிச்சர்ட் கெய்ன் என்னும் இருவர், 1985-இல், நிரல்களையும் கோப்புகளையும் வகை வகையாகப் பிரித்து, எந்த வகை நிரல் எந்த வகைக் கோப்பை என்ன செய்யலாம் என்று அட்டவணையாக எழுதி வைக்கும் முறையை முன்வைத்தார்கள். அந்த விதை பல ஆராய்ச்சிகளில் வளர்ந்து, அமெரிக்கத் தேசியப் பாதுகாப்பு முகமையின் கையில் எஸ்.ஈ. லினக்ஸ் என்ற உருவம் பெற்று, 2000-ஆம் ஆண்டு டிசம்பரில் மூல நிரலோடு பகிரங்கமாக வெளியிடப்பட்டது. ரகசியங்களைத் துருவுவதற்கென்றே பெயர் பெற்ற ஒரு ஸ்தாபனம் தந்த பொருளை நம்பலாமா என்று சிலர் ஐயுற்றது இயல்பே. மூல நிரல் முழுவதும் எவரும் படித்துச் சோதிக்கும்படி திறந்து வைக்கப்பட்டிருந்தது அந்த ஐயத்துக்குத் தக்க மறுமொழியாக அமைந்தது. 2001-இல் இது லினக்ஸின் மையப் பகுதியான கர்னலை உருவாக்குவோர் முன் வைக்கப்பட்டபோது, ஒரே ஒரு பாதுகாப்பு முறையைக் கர்னலோடு பிணைத்துவிடாமல், பல முறைகளும் வந்து பொருந்தத்தக்க பொதுச் சட்டகம் ஒன்று வேண்டும் என்று லினக்ஸைத் தோற்றுவித்த லினஸ் டோர்வால்ட்ஸ் கருதினார். அந்தச் சட்டகம் உருவாயிற்று. 2003 டிசம்பரில் வெளிவந்த 2.6 பதிப்பிலிருந்து எஸ்.ஈ. லினக்ஸ் கர்னலின் அங்கமாகவே இருந்து வருகிறது.

இது வேலை செய்யும் விதத்தைச் சற்று விரிவாகவே பார்க்க வேண்டும். கணினியில் இயங்கும் ஒவ்வொரு நிரலுக்கும், ஒவ்வொரு கோப்புக்கும், ஒவ்வொரு இணைய வாயிலுக்கும் ஒரு முத்திரை இடப்படுகிறது. அந்த முத்திரையில் மிக முக்கியமான பகுதி வகையின் பெயர். இணையச் சேவை நிரல் ஒரு வகை. அது பரிமாறும் பக்கங்கள் ஒரு வகை. அதன் பதிவேடுகள் ஒரு வகை. பயனர்களின் கடவுச்சொற்களைக் குறியாக்கி வைத்திருக்கும் கோப்பு வேறொரு வகை. கொள்கை என்று பெயர் பெறும் விதித்தொகுப்பில், இணையச் சேவை வகையைச் சேர்ந்த நிரல், பக்கங்கள் வகையைச் சேர்ந்த கோப்புகளைப் படிக்கலாம் என்று ஒரு விதி இருக்கும். 80, 443 ஆகிய வாயில்களில் காத்திருக்கலாம் என்று ஒரு விதி இருக்கும். பதிவேட்டைப் பொறுத்தவரையில், இருப்பதன் முடிவில் சேர்த்து எழுதுவது ஓர் உரிமை என்றும், இருப்பதை மாற்றி எழுதுவது வேறோர் உரிமை என்றும் பிரித்து, முன்னதை மட்டும் தந்து பின்னதைத் தராமல் விடலாம். அப்படி விட்டால், சேவையைக் கைப்பற்றியவன் தான் வந்த சுவட்டை அழித்துவிட்டுப் போக வழியில்லை. எந்த விதியிலும் அனுமதிக்கப்படாத செயல் தானாகவே மறுக்கப்படும் என்பதுதான் இந்த முறையின் உயிர்நாடி. தீயவற்றை ஒவ்வொன்றாகப் பட்டியலிட்டுத் தடுக்கப் புகுந்தால் அந்தப் பட்டியலுக்கு முடிவே இராது; தேவையானவற்றை எழுதி, எஞ்சியவற்றையெல்லாம் மறுப்பதோ எல்லைக்கு உட்பட்ட காரியம்.

பழைய உரிமை முறை இதனால் நீக்கப்படுவதில்லை. கர்னல் முதலில் பழைய முறைப்படி அனுமதி உண்டா என்று பார்க்கிறது. உண்டென்றால், அதன் பிறகு கொள்கையைப் பார்க்கிறது. இரண்டும் இசைந்தாலன்றிக் காரியம் நடப்பதில்லை. ஆகவே, ஓர் இணையச் சேவை நிரல் எப்படியோ ரூட்டின் அதிகாரத்தைப் பெற்றுவிட்டாலும், அதன் முத்திரை இணையச் சேவை வகையாகவே இருக்கும் வரையில், கடவுச்சொல் கோப்பை அதனால் திறக்க இயலாது. உரிமையாளர் தம் கோப்பை உலகத்துக்கே திறந்துவிட விரும்பினாலும் கொள்கை இடந்தராவிட்டால் அந்த விருப்பம் செல்லாது. இயந்திரத்தின் நிர்வாகி வகுத்த சட்டத்துக்கு, அதில் வாழும் நிரல்கள் யாவும், அவை எவருடைய பெயரில் இயங்கினாலும், கட்டுப்பட்டே ஆக வேண்டும்.

இவ்வளவு கடுமையான சட்டத்தை முதன்முதலாக நடைமுறைக்குக் கொண்டு வந்தவர்கள் ஒரு பாடம் கற்றார்கள். 2004-ஆம் ஆண்டின் முற்பகுதியில் ஃபெடோரா லினக்ஸின் இரண்டாம் பதிப்பு தயாராகிக்கொண்டிருந்தபோது, கணினியில் உள்ள எல்லாவற்றையும் கட்டுப்படுத்தும் கொள்கையைச் சோதித்தார்கள்; பயனர்கள் அன்றாட வேலைகளிலேயே தடுமாறினார்கள். அதன்பின், உலகத்தோடு பேசும் குறிப்பிட்ட சில சேவைகளை மட்டும் கட்டுப்படுத்தி, பயனர் தாமே இயக்கும் நிரல்களைப் பழையபடி விட்டுவிடும் கொள்கையை உருவாக்கி, அவ்வாண்டு நவம்பரில் வந்த மூன்றாம் பதிப்பில் அதையே இயல்பாக அமைத்தார்கள். 2005-இல் ரெட் ஹாட் நிறுவனத்தின் எண்டர்பிரைஸ் லினக்ஸ் நான்காம் பதிப்பும் அவ்வழியைப் பின்பற்றியது. எங்கே அபாயம் மிகுதியோ அங்கே சட்டம் இறுகட்டும் என்ற இந்த விவேகத்தினால்தான் ஆராய்ச்சிக்கூடத்துப் பொருள் ஊரெங்கும் பயன்படும் பொருளாயிற்று. முத்திரைகளுக்குப் பதிலாகக் கோப்பின் பாதையையே கொண்டு விதி எழுதும் ஆப் ஆர்மர் என்ற முறை, 1998-இல் வேறு பெயரில் தொடங்கி, 2010-இல் லினக்ஸ் கர்னலில் சேர்க்கப்பட்டு, உபுண்டு முதலிய லினக்ஸ் தொகுப்புகளில் வழங்குகிறது. அதன் விதிகள் படிப்பதற்கும் எழுதுவதற்கும் எளியவை, எஸ்.ஈ. லினக்ஸின் விதிகள் நுட்பமானவை. இரண்டின் நோக்கமும் ஒன்றே.

இந்த முறை உண்மையில் பயன்பட்டதா என்று கேட்போருக்குச் சான்றுகள் உள்ளன. 2014 செப்டம்பரில் ‘ஷெல்ஷாக்’ என்று பெயரிடப்பட்ட ஒரு பிழை வெளியாயிற்று. பல ஆண்டுகளாக எவர் கண்ணிலும் படாமல் பாஷ் என்ற ஷெல்லில் மறைந்திருந்த அந்தப் பிழையினால், இணையச் சேவைகள் சிலவற்றின் வழியாக எங்கோ இருப்பவர் சர்வருக்குள் ஆணையிட முடிந்தது. கட்டாயக் கட்டுப்பாடு அந்தப் பிழையைத் திருத்திவிடவில்லை. ஆனால் அப்படிப் புகுந்த ஆணையும் இணையச் சேவை வகையின் எல்லைக்குள்ளேயே அடைபட்டிருந்தபடியால், பயனர்களின் இல்ல டைரக்டரிகளுக்கும் பிற சேவைகளின் கோப்புகளுக்கும் அது எளிதில் எட்ட முடியவில்லை. 2015-இல் ‘வெனம்’ என்ற பிழை வெளிவந்தது. ஒரே இயந்திரத்துக்குள் பல மெய்நிகர்க் கணினிகளை இயக்கும் க்யூஇஎம்யு என்ற நிரலில், இக்காலத்தில் எவரும் பயன்படுத்தாத பிளாப்பி டிஸ்க்கைப் போல நடிக்கும் ஒரு பகுதியில் அது ஒளிந்திருந்தது. ஒரு வாடிக்கையாளரின் மெய்நிகர்க் கணினியிலிருந்து வெளியேறி, அண்டையில் உள்ள பிறர் கணினிகளுக்குள் புகுவதற்கு அது வழி திறக்கக்கூடியதாயிருந்தது. எஸ்.ஈ. லினக்ஸோடு சேர்ந்து இயங்கும் எஸ்-வர்ட் என்ற ஏற்பாட்டில், ஒவ்வொரு மெய்நிகர்க் கணினிக்கும் 1,024 பிரிவு எண்களிலிருந்து இரண்டிரண்டாகத் தேர்ந்தெடுத்து முத்திரையோடு சேர்க்கிறார்கள். அத்தகைய ஜோடிகள் 5,23,776 கிடைக்கும். ஒரு ஜோடியைத் தாங்கிய நிரல், வேறு ஜோடியைத் தாங்கிய வட்டுக்கோப்பைத் தொட முடியாது. ஆதலால் தன் கூட்டிலிருந்து தப்பியவன் அடுத்த கூட்டுக்குள் நுழையும் வழி அடைபட்டது.

சர்வர்களைப் பற்றியதுதானே, நமக்கென்ன என்று வாசகர் எண்ண வேண்டியதில்லை. ஆண்ட்ராய்டு கைப்பேசிகளிலும் இதே எஸ்.ஈ. லினக்ஸ் குடிகொண்டிருக்கிறது. 2013-இல் வந்த 4.3 பதிப்பில் மீறல்களைக் குறித்து வைக்க மட்டும் பயன்பட்ட அது, 2014-இல் வந்த 5.0 பதிப்பு முதல் அமைப்பு முழுவதிலும் சட்டத்தை உறுதியாக நடைமுறைப்படுத்தி வருகிறது. நாம் தரவிறக்கும் செயலியும், ஒலியையும் படத்தையும் கையாளும் உட்சேவையும் தத்தம் எல்லைக்குள் நிற்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

இந்த முறைக்கும் எல்லை உண்டு என்பதை மறைக்கலாகாது. காவல் காப்பதே கர்னல் ஆதலால், கர்னலில் பிழை இருந்தால் காவலும் குலையக்கூடும். ஒரு நிரலுக்கு நியாயமாக அனுமதிக்கப்பட்ட செயலை அது தவறான முறையில் செய்யும்போது கொள்கையால் பேதம் காண முடியாது. வாடிக்கையாளர் விவரங்களைப் படிக்க உரிமை பெற்ற ஓர் இணையதளம் பிழையாக எழுதப்பட்டு, அந்த விவரங்களைக் கேட்பவர்க்கெல்லாம் வாரிக் கொடுத்தால், அதைத் தடுக்கும் சக்தி முத்திரைக்கு இல்லை. நிரலைச் செவ்வனே எழுதுவதும், பிழை தெரிந்தவுடன் திருத்துவதும் எந்நாளும் செய்ய வேண்டிய கடமைகள். அவை தவறிய வேளையில் நஷ்டம் எங்கே நிற்கும் என்பதைக் கொள்கை தீர்மானிக்கிறது.

எல்லாவற்றையும்விட வருத்தத்துக்குரியது, இந்தக் காவலை மனிதர்களே தம் கையால் நீக்கிவிடுவது. ஒரு நிர்வாகி தம் இல்ல டைரக்டரியில் எழுதிய பக்கத்தை இணைய டைரக்டரிக்கு நகர்த்துகிறார். நகர்த்தப்பட்ட கோப்பு தன் பழைய முத்திரையோடு வந்துவிடுகிறது. இணையச் சேவை அதைப் படிக்க மறுக்கிறது. காரணம் விளங்காத அவர் யாரையேனும் கேட்டால், ‘செட்என்ஃபோர்ஸ்’ என்ற ஆணையோடு சுழியத்தைச் சேர்த்துத் தட்டினால் எல்லாம் சரியாகிவிடும் என்ற உபதேசம் உடனே கிடைக்கும். தட்டியவுடன் பக்கம் தெரியும். அதே கணத்தில் அந்த இயந்திரத்தில் உள்ள எல்லாச் சேவைகளின் மீதிருந்த கட்டும் அவிழ்ந்துவிடும். ‘ரீஸ்டோர்கான்’ என்ற ஓர் ஆணை, கோப்புக்கு அந்த இடத்துக்குரிய முத்திரையைத் திரும்ப இட்டிருக்கும். இணையச் சேவை வேறொரு கணினியோடு தொடர்பு கொள்ள வேண்டுமானால் அதற்கென்றே ஒரு விசை கொள்கையில் இருக்கிறது. அதைத் திருப்பினால் போதும். ஒரு சேவையின் தேவைகளை ஆராய அவகாசம் வேண்டுமானால், அந்த ஒரு வகையை மாத்திரம், மீறல்களைத் தடுக்காமல் குறித்து மட்டும் வைக்கும் எச்சரிக்கை நிலையில் வைத்து, மற்றவற்றைக் காவலிலேயே விடலாம். மறுப்புகளையெல்லாம் திரட்டி அனுமதிகளாக மாற்றித் தரும் கருவியும் உண்டு. அது எழுதித் தருவதைப் படித்துப் பாராமல் ஏற்றுக்கொள்பவர், கள்வன் கேட்ட உரிமையையும் தம் கையாலேயே வழங்கிவிடக்கூடும்.

பெரும்பாலான மறுப்புகளைக் கர்னல் பதிவேட்டில் குறித்து வைக்கிறது: எந்த நிரல், எந்தப் பொருளை, என்ன செய்ய முற்பட்டது என்று. அந்த ஒரு வரியைப் பொறுமையோடு படித்துப் பொருள் அறிய முயலும் நிர்வாகிக்குத் தம் சர்வரைப் பற்றி வேறெந்த நூலும் கற்பிக்காத உண்மைகள் தெரியவரும். நிறுவனங்களை நடத்துவோரும் தம் தொழில்நுட்பப் பணியாளரிடம், சேவை ஓடுகிறதா என்று கேட்பதோடு நில்லாமல், கட்டாயக் கட்டுப்பாடு அமலில் இருக்கிறதா என்றும் கேட்க வேண்டும். அதைக் கற்றுக்கொள்ளவும் சோதித்துப் பார்க்கவும் அவர்களுக்குக் கால அவகாசம் தர வேண்டும். மக்களின் பணமும் உடல்நல விவரங்களும் அந்தரங்கக் கடிதங்களும் சர்வர்களில் அடைக்கலம் புகுந்துவிட்ட இக்காலத்தில், அந்தக் காவலை வசதிக்காக அணைத்து வைப்பது, நம்பி ஒப்படைத்தவர்களுக்கு இழைக்கும் துரோகம். அணைத்தவர்கள் இன்றே அதை உயிர்ப்பித்து, தடை வரும் இடத்தில் அதன் காரணத்தைத் தேடட்டும்.